வைட்டமின் சி போத்தல்

தோ பாயோ,
சிங்கப்பூர்,
9 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

ரக்ஷனா எழுதுகிறேன். பெர்த்தில் நீயும் அத்தானும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் சுகத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே!

முதலில் நல்ல செய்தி. தேதி குறித்தாயிற்று. ஆகஸ்ட் 31, ஞாயிறு காலை, சரத்துக்கும் எனக்கும் கல்யாணம். அம்மா ஃபோனில் உனக்குச் சொல்லியிருப்பாள். ஆனால் நான் சொன்னால்தானே எனக்கு நிறைவு. நேற்று அவன் அம்மா ரத்தினம்மா அத்தை என் தலையில் பூ வைத்தபோது கை கால் எல்லாம் பறந்தது அக்கா.

ஏன் திடீரென்று கடிதம் என்று நீ சிரிப்பது இங்கே கேட்கிறது. என் ஃபோன் இப்போது என் ஃபோன் இல்லை. புடவைப் படம் பார்க்க அம்மா எடுக்கிறாள், அவளிடமிருந்து சித்தி, சித்தியிடமிருந்து பக்கத்து வீடு. நீ ஒரு வரி அனுப்பினால் ஊரே படித்துவிடும். இது ஊர் படிக்கக் கூடாத விஷயம்.

மூன்று மாதமாக எனக்கு ஒரே அசதி. பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் அறை மேசையிலேயே தூங்கிப்போகிறேன். எல்லோருக்கும் வியர்க்கிறது, எனக்கு மட்டும் குளிர்கிறது. குரல் வேறு தடித்துவிட்டது. பாலிகிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். தைராய்டு சோம்பேறியாகிவிட்டதாம். டி.எஸ்.எச். என்று ஓர் எண் இருக்கிறதே, அது நாலுக்குள் இருக்க வேண்டும். எனக்குப் பதினாலு. தினமும் காலையில் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை, 50 மைக்ரோகிராம். ஆறு வாரம் கழித்து மறுபடியும் ரத்தம்.

அம்மாவுக்குத்தான் தலை சுற்றிவிட்டது. "கல்யாணம் முடியற வரைக்கும் மூச்சு விடக் கூடாது. அந்த அம்மாவுக்குத் தெரிஞ்சா பொண்ணு சீக்குக்காரின்னு நிப்பாட்டிடுவாங்க!" என்று சொல்லி, மாத்திரையை எல்லாம் உரித்து ஒரு பழைய வைட்டமின் சி போத்தலில் கொட்டி, ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டாள். எனக்குச் சிரிப்பும் வருகிறது, பயமும் வருகிறது. சரத்திடம் சொல்லாமல் இருக்கலாமா? நீதான் சொல்ல வேண்டும்.

அத்தானுக்கு என் அன்பைச் சொல்.

உன்
ரக்ஷனா


பெர்த்,
22 பிப்ரவரி 2025

என் ரக்ஷூவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். உன் உடம்பைக் கவனித்துக்கொள். கடிதத்தை அலுவலகத்துக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டு ஒரே ஆட்டம். பக்கத்து மேசைக்காரி என்னவோ ஏதோ என்று ஓடி வந்தாள். என் தங்கைக்குக் கல்யாணம்!

மாத்திரை விஷயத்தில் அம்மா சொல்கிறபடியே செய். சின்ன விஷயம், பெரிதாக்காதே. ஒன்று சொல்கிறேன், யாரிடமும் சொல்லாதே. எனக்கும் அதே மாத்திரைதான், என் கல்யாணத்துக்கு மூன்று மாதம் முன்பிருந்தே. அப்போதும் அம்மா இதே வைட்டமின் சி போத்தல் வேலையைத்தான் செய்தாள். இப்போது 125 சாப்பிடுகிறேன். ஒன்றும் ஆகிவிடவில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன்.

இனிமேல் வீட்டுக்கு எழுதாதே. என் அலுவலக முகவரியைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், அதற்கே அனுப்பு. அதுதான் வசதி.

அப்பா அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்
அக்கா சிவானி


தோ பாயோ,
5 மார்ச் 2025

அக்கா! அக்கா! அக்கா!

சுகமா என்று கேட்க வேண்டும், கேட்டுவிட்டேன். நீயுமா? ஒரே வீட்டில் இருந்துகொண்டு எனக்குத் தெரியவில்லையே! நீ தினமும் வைட்டமின் சி சாப்பிடுவதால்தான் உனக்குச் சளியே பிடிப்பதில்லை என்று என் தோழிகளிடம் எல்லாம் பெருமை அடித்தேனே. இரண்டு பேர் வாங்கிக்கூடச் சாப்பிட்டார்கள்.

இந்த மாத்திரைக்கு என்ன ராஜ மரியாதை என்று உனக்குத் தெரியாததா. வெறும் வயிறு, வெறும் தண்ணீர், அதன்பிறகு ஒரு மணி நேரத்துக்குக் காப்பி கிடையாது, பால் கிடையாது. சுண்ணாம்புச் சத்து, இரும்புச் சத்து மாத்திரை ஏதாவது இருந்தால் நாலு மணி நேரம் தள்ளி. பாலிகிளினிக் தாதி ஒவ்வொன்றாக விரல் விட்டு எண்ணிச் சொன்னார். "கோப்பியோட சாப்பிட்டா சாப்பிடாத மாதிரிதான் லா" என்றார். நான் ஐந்தரைக்கு விழுங்கிவிட்டு, பள்ளிக்கூட உணவகத்தில் கோப்பிக்காரர் கடை திறக்கும் வரை வாசலையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

பலன் தெரிகிறது அக்கா! சனிக்கிழமை தேக்கா கடைத்தெருவில் இரண்டு மணி நேரம் அலைந்தேன், அசதியே இல்லை. முகூர்த்தப் புடவை எடுத்தாயிற்று, மாம்பழ நிறத்தில் அரக்குக் கரை. சிராங்கூன் ரோட்டுத் தையல்காரர் அளவு எடுத்துவிட்டு, "போன மாசம் எடுத்த அளவு இப்போ தொளதொளங்குது. கல்யாணத்துக்குள்ள இன்னும் எத்தனை தடவை ஆள் மாறுவீங்க?" என்று கேட்டார். சிரித்து வைத்தேன்.

ஒரு சந்தேகம். எனக்கு 50லேயே இவ்வளவு தெம்பு வருகிறதே, உனக்கு எப்படி 125 ஆயிற்று? நீ மாத்திரையை எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறாய்? உன் எண் இப்போது என்ன?

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

உன்
ரக்ஷனா


பெர்த்,
30 மார்ச் 2025

அன்பு ரக்ஷூ,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. உடம்பு சரியாகத்தான் இருக்கிறது, கொஞ்சம் அலுப்பு, அவ்வளவுதான். நீங்கள் எல்லோரும் நலம்தானே?

புடவை நிறத்தைப் படித்ததும் கண்ணிலேயே நிற்கிறது. தையல்காரரை ரொம்பப் படுத்தாதே.

நீ சரத்தைப் பற்றி எழுதும்போதெல்லாம் எனக்கு என் முதல் வருடம் ஞாபகம் வருகிறது. உன் அத்தான் இன்னும் அப்படியேதான். சரியாக ஐந்தே முக்காலுக்கு எழுந்து, கெட்டிப் பால் ஊற்றி நம் ஊர்க் காப்பி போட்டு, கட்டிலுக்கே கொண்டுவந்து கொடுப்பார். "முதல் வாய் குடிச்சு எப்படி இருக்குன்னு சொல்லு சிவா" என்று முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். ஆறு வருடத்தில் ஒரு நாள்கூடத் தவறவில்லை. அந்த முகத்துக்காகவே குடிக்கலாம்.

மாத்திரையை 150 ஆக்கலாமா என்று டாக்டர் யோசிக்கிறார். பார்ப்போம்.

எல்லோருக்கும் என் அன்பு.

அக்கா


தோ பாயோ,
14 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்கா,

புத்தாண்டு வாழ்த்துகள். உங்கள் சுகத்தைச் சாவகாசமாக விசாரிக்கிறேன். முதலில் நேற்று நடந்ததைக் கேள்.

அழைப்பிதழ் மாதிரி காட்டச் சரத்தும் ரத்தினம்மா அத்தையும் வீட்டுக்கு வந்தார்கள். சரத்துக்கு ஒரே தும்மல். அத்தை அவனுக்கு வெந்நீர் எடுக்கச் சமையலறைக்குள் போனார். நானும் அம்மாவும் பின்னாலேயே போனோம். அவர் கண் நேராக ஃபிரிட்ஜ் மேல் போயிற்று.

"அட, வைட்டமின் சி இருக்கே! சரத், இங்க வா, வாயைத் திற" என்று போத்தலைத் திறந்து உள்ளங்கையில் கவிழ்த்தார். "என்ன சம்பந்தி, இத்துனூண்டா இருக்கு? ரெண்டாக் குடுக்கட்டுமா?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்ன சொன்னாள் தெரியுமா? "குடுங்க, குடுங்க. நல்லதுதான்" என்றாள்!

அவன் வாயைத் திறந்தபடி நிற்கிறான், அத்தையின் கை அவன் உதடு வரை போய்விட்டது. நான் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துவிட்டேன். "சாப்பிடாதீங்க! அது என் தைராய்டு மாத்திரை!"

அத்தை இரண்டு மாத்திரையையும் போத்தலில் போட்டார். மூடினார். வைட்டமின் சி என்ற எழுத்தை இன்னொரு தடவை படித்தார். "வரோம்" என்றார். அழைப்பிதழ் மாதிரிகளை மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

அம்மா அழுகிறாள். நான் அழவில்லை. பயமாக இருக்கிறது, ஆனால் பொய்யை விழுங்குவதைவிட இது தேவலாம் என்றும் இருக்கிறது. இந்தக் கல்யாணம் நடக்குமா நடக்காதா என்று தெரியவில்லை.

என் இரண்டாம் ரத்தச் சோதனை வந்தது. 6.3. மாத்திரையை 75 ஆக்கிவிட்டார்கள். இந்தக் கலவரத்திலும் ஒன்றை விட மாட்டேன். நான் கேட்டதற்கு நீ பதிலே சொல்லவில்லை. ஐந்தே முக்காலுக்குக் காப்பி என்றால் உன் மாத்திரை எத்தனை மணிக்கு?

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்
ரக்ஷனா


பெர்த்,
24 ஏப்ரல் 2025

ரக்ஷூ,

என்ன ஆயிற்று? உடனே எழுது. சரத் என்ன சொன்னான்? சாப்பிட்டாயா, தூங்கினாயா?

உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. உன் அத்தானுக்கு என் மாத்திரை பற்றித் தெரியாது. ஆறு வருடமாகத் தெரியாது. போத்தல் என் கைப்பையில் இருக்கிறது. காப்பியைக் குடித்து முடித்து, அவர் குளிக்கப் போனதும் எடுத்து விழுங்குவேன். தாமதமாக எழுந்தால் அலுவலகத்தில், ரொட்டியோடு. என் எண் 8.9. மாத்திரை ஏறினாலும் எண் இறங்குவதில்லை. டாக்டர் தலையைச் சொறிகிறார். நான் என்ன சொல்வது, என் வீட்டுக்காரர் காப்பி போடுகிறார் என்றா?

எண் இரண்டரைக்குள் வந்து நின்றால் மறுபடியும் குழந்தைக்கு முயற்சி செய்யலாம் என்கிறார் டாக்டர். மறுபடியும் என்று எழுதிவிட்டேன். போன வருடம் ஏழு வாரத்தில் ஒன்று போய்விட்டது. அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். உன் செய்தியை மட்டும் எழுது.

அக்கா


தோ பாயோ,
3 மே 2025

என் அருமை அக்கா,

உன் கடிதத்தைப் படித்துப் பள்ளிக்கூடக் கழிப்பறையில் உட்கார்ந்து அழுதேன். உன்னைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல் இருக்கிறது. பதில் எழுத வேண்டாம் என்கிறாய், சரி, கடைசியில் இரண்டே வரி எழுதுகிறேன்.

முதலில் என் செய்தி. கல்யாணம் நடக்கிறது!

சரத் மறுநாளே என்னைத் தஞ்சோங் பகார் ரயில் நிலையத்துக்கு வரச் சொன்னான். "எனக்கு ஒண்ணும் இல்ல லா. நீ ஓடி வந்த வேகத்தைப் பார்த்து, நான் ஏதோ எலி மருந்துன்னு நினைச்சேன்" என்று சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஆனா அம்மா பேச மாட்டேங்கறாங்க" என்றான். ஒன்பது நாள் அக்கா. ஒன்பது நாளும் அத்தையிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. அம்மா மண்டபத்துக்காரரைக் கூப்பிட்டு ரத்து செய்வது எப்படி என்றுகூடக் கேட்டுவிட்டாள்.

பத்தாம் நாள் சாயங்காலம் ரத்தினம்மா அத்தை தனியாக வந்தார். உட்கார்ந்தார். கொடுத்த தண்ணீரைத் தொடவில்லை.

"சம்பந்தி, எனக்குச் சக்கரை. அவருக்குப் பிரஷர். வியாதி யாருக்குத்தான் இல்ல? அதுக்கு எனக்குக் கோவம் இல்ல. நான் என் மகன் வாயில மாத்திரையை வைக்கப் போறேன், நீங்க பக்கத்துல நின்னு 'குடுங்க குடுங்க'ன்னு சொன்னீங்க பாருங்க, அதான் ஒன்பது நாளா நெஞ்சுல நிக்குது."

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அத்தை அவளை அழ விட்டார். பிறகு அவரே தண்ணீரை எடுத்து அம்மாவிடம் கொடுத்தார். என் பக்கம் திரும்பி, "நீ ஏம்மா கையைப் பிடிச்ச? பேசாம இருந்திருந்தா மறைச்சிருக்கலாமே" என்று கேட்டார்.

"மறைச்சா அவர் முழுங்கியிருப்பாரே அத்தை" என்றேன்.

அவ்வளவுதான். பையிலிருந்து பேனாவை எடுத்து, அன்று விட்டுப்போன அழைப்பிதழின் பின்பக்கம் எழுத ஆரம்பித்துவிட்டார். மாத்திரை எத்தனை மணிக்கு, பிறகு எவ்வளவு நேரம் வயிறு காலி, பால் எப்போது. "முகூர்த்தம் ஏழரை. பாலும் பழமும் எட்டரைக்கு. அப்போ நாலரைக்கு மாத்திரை போட்டா சரியா வரும்ல?" போகும்போது வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, "இன்னும் ஏதாச்சும் போத்தல் மாத்தி வெச்சிருக்கீங்களா சம்பந்தி? இப்பவே சொல்லிடுங்க" என்றார். அம்மா அழுதுகொண்டே சிரித்துவிட்டாள்!

இப்போது உனக்கு என் இரண்டு வரி. அத்தானிடம் சொல். சொல்லிவிட்டால் எண் இறங்கிவிடும் அக்கா.

அத்தானுக்கு என் அன்பு, உனக்கு முத்தம்.

உன்
ரக்ஷனா


பெர்த்,
19 ஜூன் 2025

அன்பு ரக்ஷூ,

நலம். உன் கல்யாணம் நடக்கிறதே, அது போதும் எனக்கு. ரத்தினம்மா அத்தை காலில் விழுந்து கும்பிட வேண்டும் போல் இருக்கிறது.

ஆனால் அவர் சொன்னதைத்தான் ஒன்றரை மாதமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். வியாதிக்குக் கோபம் இல்லை, மறைத்ததற்குத்தான் கோபம். இரண்டு மாதம் மறைத்ததற்கே ஒன்பது நாள் என்றால், ஆறு வருடத்துக்கு எத்தனை நாள்? கணக்குப் போட எனக்குப் பயமாக இருக்கிறது. ஒவ்வொரு நாள் காலையிலும் சொல்லிவிடலாம் என்றுதான் எழுந்திருக்கிறேன். உன் அத்தான் காப்பியோடு வந்து நிற்கிறார். குடித்துவிடுகிறேன்.

150 ஆக்கிவிட்டார்கள். எண் 7.8.

ஆகஸ்ட் 26ஆம் தேதி வருகிறோம். ஒரு சத்தியம் செய். கல்யாண வீட்டில் இதைப் பற்றி அவர் காதில் ஒரு சொல் விழக் கூடாது.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


தோ பாயோ,
6 ஜூலை 2025

அன்புள்ள அக்கா,

இங்கே எல்லோரும் சுகம், நான் மட்டும் சுகத்துக்கும் மேலே! மூன்றாம் சோதனை: 2.4! இரண்டு புள்ளி நாலு! தாதி சொன்னதும் "தேங்க்யூ தேங்க்யூ" என்று கத்திவிட்டேன். வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு மலாய் மாமி, பிள்ளைதான் உண்டாகியிருக்கிறது என்று நினைத்து வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார். நான் மறுக்கவில்லை, அவருக்கும் ஒரு சந்தோஷம். 75லேயே தொடரச் சொல்லியிருக்கிறார்கள்.

தையல்காரர் நாலாவது தடவை அளவு எடுத்துவிட்டு, "இதான் கடைசி, இனிமே நீங்க ஆள் மாறினா நான் கடை மாறிடுவேன்" என்றார்.

சத்தியம் செய்துவிட்டேன். வாயைத் திறக்க மாட்டேன். ஆனால் ஒன்று. நான் என் மாத்திரையை இப்போது ஒளித்துச் சாப்பிடுவதில்லை. டப்பா மேசையில் இருக்கிறது. கல்யாண வீட்டிலும் மேசையில்தான் இருக்கும். அதற்கு நான் சத்தியம் செய்யவில்லை.

சீக்கிரம் வா. உன்னை எப்போது பார்ப்பேன் என்று இருக்கிறது.

உன்
ரக்ஷனா


சிராங்கூன்,
13 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

புது வீடு, புது முகவரி, மேலே பார்! நீயும் அத்தானும் சௌக்கியமாகப் போய்ச் சேர்ந்தீர்கள் என்று அம்மா சொன்னாள். இங்கே சரத்தும் அத்தையும் மாமாவும் சுகம். எனக்கு நடப்பதெல்லாம் நிஜமா என்று கையைக் கிள்ளிப் பார்க்கிற மாதிரிதான் இருக்கிறது. கழுத்தில் தாலி கனமாக இருக்கிறது, பள்ளிக்கூடத்தில் எல்லோரும் அதையே பார்க்கிறார்கள், நானும் அதையே பார்க்கிறேன்.

நான் என் சத்தியத்தைக் காப்பாற்றினேன். நீதான் பார்த்தாயே. ஆனால் கல்யாணத்தன்று விடிகாலை மணமகள் அறையில் நடந்தது என் மனசைவிட்டுப் போகவில்லை.

நாலரைக்கு மாத்திரை போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். நீ என் பின்னால் நின்று தலையில் பூ வைத்துக்கொண்டிருந்தாய். அத்தான் எல்லோருக்கும் ஃபிளாஸ்கில் காப்பி போட்டுக் கொண்டுவந்து எனக்கும் ஒரு கோப்பை நீட்டினார். ரத்தினம்மா அத்தை குறுக்கே வந்துவிட்டார்.

"பொண்ணுக்கு இப்போ கோப்பி கிடையாது தம்பி. மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் ஆகணும்."

"கோப்பி குடிச்சா என்ன ஆகும்மா?"

"மருந்து உடம்புல சேராது. எவ்வளவு போட்டாலும் வீண்தான்."

அத்தான் சிரித்தார். "நல்லவேளை, எங்க வீட்ல யாருக்கும் இது இல்ல. நான் அஞ்சே முக்காலுக்கே கட்டிலுக்குக் கொண்டு போயிடுவேன்."

உன் கை என் தலையிலேயே நின்றுவிட்டது அக்கா. கண்ணாடியில் உன் முகம் தெரிந்தது. நான் உதட்டைக் கடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தேன். கல்யாணப் பெண் வெட்கத்தில் குனிந்திருக்கிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அவர் கோபப்படலாம். ஒன்பது நாளோ தொண்ணூறு நாளோ. ஆனால் தான் அன்பாகக் கொடுப்பது உன் மருந்தைக் கெடுக்கிறது என்று தெரியாமலே அந்த மனுஷன் தினமும் கொடுத்துக்கொண்டிருக்கிறார். அதை என்னால் தாங்க முடியவில்லை. நீ எப்படித் தாங்குகிறாய்?

பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

உன்
ரக்ஷனா


பெர்த்,
16 நவம்பர் 2025

என் தங்கம் ரக்ஷூவுக்கு,

நீயும் சரத்தும் அத்தையும் மாமாவும் நலம்தானே? இரண்டு மாதமாக எழுதாததற்குத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். கையில் செய்தி வந்தபிறகு எழுதலாம் என்று இருந்தேன். வந்துவிட்டது!

உன் கடிதம் வந்த வாரமே, ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஐந்தே முக்காலுக்குக் காப்பி வந்தது. வேண்டாம் என்றேன். ஆறு வருடத்தில் முதல் தடவை. காய்ச்சலா என்று என் நெற்றியைத் தொட்டார். எழுந்து கைப்பையிலிருந்து போத்தலை எடுத்துப் படுக்கைமேல் கொட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"எத்தனை வருஷமா?" என்றார்.

"கல்யாணத்துக்கு முன்னாடியிருந்து."

கோப்பையை எடுத்துக்கொண்டு போனார். சமையலறைத் தொட்டியில் காப்பியைக் கொட்டுகிற சத்தம் கேட்டது.

நாலு நாள் காப்பி வரவில்லை. நாலு நாளும் ஐந்தே முக்காலுக்கு நான் விழித்துக் கதவைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். வராது என்று தெரிந்ததும் எழுந்துபோய் வெறும் தண்ணீரில் மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். வேடிக்கை பார், ஆறு வருடத்தில் அந்த நாலு நாள்தான் ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

நாலாம் நாள் சாயங்காலம் வேலையிலிருந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் கேட்டார். "ஏழு வாரத்துல போச்சே, அப்பவும் என் கோப்பியோடதான் சாப்பிட்டியா?"

ஆமாம் என்றேன். அதுதான் காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது, எத்தனையோ பேருக்கு எல்லாம் சரியாக இருந்தும் போகிறது என்று டாக்டர் சொன்னதையும் சொன்னேன். அவர் காதில் விழவில்லை. தரையில் உட்கார்ந்து அழுதார் ரக்ஷூ. நானும் உட்கார்ந்தேன். அவர் திட்டுவார், கத்துவார் என்று ஆறு வருடமாகப் பயந்தேன். அவர் சொன்னது இவ்வளவுதான்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, ஒரு மணி நேரம் கழிச்சுக் கொண்டாந்திருப்பேனே சிவா."

மறுநாள் ஐந்தே முக்காலுக்குக் கதவு திறந்தது. அதே காப்பிக் கோப்பையில் வெறும் தண்ணீர், தட்டில் ஒரு மாத்திரை. முழுங்கும் வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆறே முக்காலுக்குக் காப்பி வந்தது. நடுவில் அந்த ஒரு மணி நேரம் இருக்கிறதே, இரண்டு பேரும் ஒன்றும் செய்யாமல் பேசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். இப்போது தினமும் அப்படித்தான். சில நாள் காப்பியே மறந்துபோகிறது.

இனி செய்தி. ஏழு வாரம் கழித்து ரத்தம் எடுத்தார்கள். எண் இறங்கிவிட்டது. எவ்வளவு தெரியுமா? எல்லைக்கும் கீழே! டாக்டர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, என்ன மாற்றினாய் என்று கேட்டார். "காப்பியை ஒரு மணி நேரம் தள்ளிப் போட்டோம்" என்று பக்கத்திலிருந்து இவர் பதில் சொன்னார். மருந்து இப்போது முழுசாக உடம்பில் சேர்கிறதாம், 150 அதிகமாம். 125க்கு இறக்கிவிட்டார்கள். ஆறு வருடத்தில் என் மாத்திரை குறைந்தது இதுதான் முதல் முறை! ஜனவரியில் மறுபடியும் ரத்தம். எண் நிலையாக நின்றுவிட்டால் தொடங்கலாம் என்றார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் காரில் இவர் சத்தமாகப் பாடிக்கொண்டே வந்தார். பாட்டுக்கும் ராகத்துக்கும் சம்பந்தமே இல்லை.

அம்மாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். அவளைக் குறை சொல்லாதே, நமக்கு வாழ்க்கை அமையாதோ என்ற பயத்தில் செய்தாள். பழைய போத்தலைத் தூக்கிப் போடப் போனேன், இவர் விடவில்லை. கழுவிக் காயவைத்து நிஜ வைட்டமின் சி வாங்கி நிரப்பி வைத்திருக்கிறார். இந்த வீட்டில் போத்தலில் எழுதியிருப்பதுதான் உள்ளே இருக்க வேண்டுமாம்.

ரத்தினம்மா அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல். உன் அடுத்த சோதனை எப்போது என்று மறக்காமல் எழுது. அலுவலகத்துக்கு வேண்டாம், வீட்டு முகவரிக்கே எழுது.

அன்புடன்
அக்கா சிவானி